புதுப்பிப்பு: மணல்தீவில் ஒதுங்கினால் குடிதண்ணீர்

காசிமேட்டு ஃபைபர் படகு இன்ஜின் நின்று, முன்பின் தெரியாத நாலு பேர் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினால் ஊற்று தோண்டலாம் என்று எழுதியிருந்தேன். "உப்புத்தண்ணிதானே வரும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

ஆழமாகப் போனால் வரும். மழைநீர் எடை குறைவு. மணலுக்குள் உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கும். அலை ஏறும் கோட்டைத் தாண்டி, முதல் மணல்மேட்டுக்குப் பின்னால் தோண்டுங்கள். கசிவு தெரிந்ததும் நிறுத்திவிட்டு, மேலாக மொள்ளுங்கள். அவசரமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். செடிகொடியே இல்லாத திட்டில் பெரும்பாலும் வீண்வேலைதான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

கடல்நீரைக் கலந்து குடிக்கவே வேண்டாம். அதிலுள்ள சுமார் 3.5 சதவீத உப்பை வெளியேற்ற, உடம்புத் தண்ணீர்தான் செலவாகும்.

பங்கு போட ஒரே ஆள், ஒரே குவளை. சண்டை அங்கேதான் கிளம்பும்.

போனில் டவர் கிடைத்தால் கடலோரக் காவல்படை, 1554. வி.எச்.எஃப். (படகு ரேடியோ) இருந்தால் 16-ஆம் சேனல்.