கூப்பிடாத கிரேடில் டாஸ்க் தானாக ஓடி ஃபைலை அழிக்கிறது, க்ரானில் பில்டே ஓடவில்லை

காட்பாடிப் பையன்:
ரெண்டு நாளாக மண்டை காய்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு ஜாவாவில் ஸ்டாக் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) எத்தனை லாட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று ராத்திரி ராத்திரி ரிப்போர்ட் போடும். பழைய ரிப்போர்ட்டை அழிக்க கிரேடில் (ஜாவா ப்ரோக்ராமைக் கட்டி ஓட்டும் கருவி) பில்ட் ஸ்கிரிப்டில் நானே ஒரு டாஸ்க் எழுதினேன். உள்ளே ஒரே வரிதான்: டெலீட், பக்கத்தில் ஃபோல்டர் பெயர். அந்த டாஸ்க்கைக் கூப்பிடவே இல்லை, டெஸ்ட் மட்டும் ஓட்டினேன், ஃபோல்டர் காலி!

இன்னொன்று, மெஷினை உபுண்டு 24.04-க்கு மாற்றியதிலிருந்து 2 மணிக்கு பில்டைத் தானாக ஓட்டும் க்ரான் வேலை விழுந்துவிடுகிறது. லாகில் ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65’. அதையே நான் டெர்மினலில் ஓட்டினால் சமர்த்தாக ஓடுகிறது. கிரேடில் 7.6, ஜாவா 17, ஜாவா ஹோம் (எந்த ஜாவாவை எடுக்கணும் என்று காட்டும் அமைப்பு) பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது ஷெல் படிக்கும் ஃபைல்) இருக்கிறது.

சத்துவாச்சாரி:
டீமனை (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் கிரேடிலை) நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க ப்ரோ.

காட்பாடிப் பையன்:
பத்துத் தடவை நிறுத்தியாச்சு.

பழைய பில்ட்காரன்:
டீமன் பாவம், அதை விடுங்கள். தம்பி, டாஸ்க்கின் அடைப்புக்குறிக்குள் நேரடியாக எழுதுவது ‘செய்’ என்ற கட்டளை இல்லை, டாஸ்க்கைத் தயார்செய்யும் இடம். பழைய பாணியில் வெறும் ‘டாஸ்க்’ என்று எழுதினால் எந்தக் கட்டளை கொடுத்தாலும் கிரேடில் அந்த இடத்தைப் படித்துவிட்டுத்தான் போகும், போகிற போக்கில் உன் ஃபோல்டரும் போகும். அழிக்கிற வரியை, டாஸ்க் நிஜமாக ஓடும்போது மட்டும் நடக்கும் டூலாஸ்ட் பகுதிக்குள் போடு. இல்லையென்றால் டாஸ்க்கின் வகையை ‘டெலீட்’ என்று குறித்துவிடு, அதே வரி அப்போது எதை அழிக்கணும் என்று குறித்து வைப்பதோடு நிற்கும். அப்படியே, தேவைப்பட்டால் மட்டும் டாஸ்க்கைத் தயார்செய்யும் ‘டாஸ்க்ஸ் டாட் ரெஜிஸ்டர்’ முறைக்கும் மாறிக்கொள்.

65 என்றால் ஜாவா 21. அந்த உபுண்டுவில் டீஃபால்ட் அதுதான். க்ரான் உன் பாஷ்ஆர்சியைப் பார்க்காது, ஜாவா ஹோம் இல்லாததால் கிரேடிலைக் கிளப்பும் ரேப்பர் ஸ்கிரிப்ட், பாத்தில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) இருக்கும் ஜாவாவை எடுக்கிறது. கிரேடில் 8.5-இலிருந்துதான் 21-இல் ஓடும்.

காட்பாடிப் பையன்:
முதல் சிக்கல் போயே போச்சு அண்ணா! ரெண்டாவதற்கு க்ரான் ஸ்கிரிப்டில் பாஷ்ஆர்சியை சோர்ஸ் பண்ணி (படிக்கவைத்து) பார்த்தேன், அப்பவும் 65-தான் வருகிறது.

பழைய பில்ட்காரன்:
பாஷ்ஆர்சியைத் திறந்து மேலே இருக்கும் சில வரிகளைப் பார். ஆள் உட்கார்ந்து டைப் செய்யாத ஷெல் என்றால் அங்கேயே திரும்பிவிடச் சொல்லியிருக்கும், கீழே கிடக்கும் உன் வரிவரை அது வரவே வராது. நானும் ஒரு மே மாத வேலூர் வெயிலில், கரண்ட் இல்லாத மத்தியானத்தில், இதே இடத்தில் மூணு மணிநேரம் உட்கார்ந்திருக்கிறேன். க்ரான்டேபிலிலேயே (க்ரானின் வேலைப் பட்டியல் ஃபைல்) மேல் வரியில் ஜாவா ஹோமை எழுது. முழுப் பாதையாக எழுதணும், டாலர் குறி போட்டு வேறொரு மாறியின் பெயரை எழுதினால் க்ரான் அதை விரிக்காது.

ஆற்காட்டு அக்கா:
அதெல்லாம் சரி, தினம் ரிப்போர்ட் போட எதற்குக் கிரேடில்? ப்ரோக்ராமை ஜாராக (ஒரே ஃபைலாக) கட்டி வைத்துவிட்டு க்ரானில் ஜாவா 17-இன் முழுப் பாதையோடு அதை மட்டும் ஓட்டு.

காட்பாடிப் பையன்:
க்ரான்டேபிலில் போட்டதும் ஓடிவிட்டது. ஜார் வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு, அக்கா. காலி ஆன ரிப்போர்ட்டுக்கு சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.