பேஸ்மேக்கர் வைத்த பிறகும் துடிப்பு மாத்திரை எதற்கு?

களக்காட்டான்:
அப்பாவுக்கு 71 வயசு. நெஞ்சுத் துடிப்பு சில நேரம் 140க்கு ஓடும், திடீர்னு 35க்கு இறங்கி மயக்கம் வரும். மூணு வாரம் முன்ன இடது காறை எலும்புக்குக் கீழ ரெண்டு வயர் உள்ள பேஸ்மேக்கர் வச்சாங்க. குறைந்தபட்சத் துடிப்பு 60ன்னு அட்டையில போட்டிருக்கு. ஆனா டிஸ்சார்ஜ் சீட்டுல அமியோடரோன் 200, மெட்டோப்ரோலால் 25, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் 2 எல்லாம் இருக்கு. "மிஷின் வச்ச பெறவும் மாத்திரை எதுக்குல"ன்னு முரண்டு பிடிக்காக. விரல்ல மாட்டுற கருவி நேத்து 54 காட்டிச்சு, மிஷின் வேலை செய்யலையோன்னு பயமா இருக்கு. இண்டக்ஷன் அடுப்பைத் தூக்கி மச்சுல வச்சாச்சு. தோட்டத்து மோட்டார் பக்கம் போகலாமா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

தார்க்குச்சி:
நின்றுபோகிற மாட்டைத் தட்டிவிடும் தார்க்குச்சிதான் பேஸ்மேக்கர். மிரண்டு ஓடுகிற மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வேணும், அது மாத்திரை. 140க்கு ஓடும்போது மிஷின் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுமே தவிர அடக்காது. இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்க. அமியோடரோன், மெட்டோப்ரோலால் இரண்டும் துடிப்பை இன்னும் இறக்கும். 35க்குப் போகிற ஆளுக்கு மிஷின் இல்லாமல் இதைத் தைரியமாகக் கொடுக்க முடியாது. மாத்திரையை நிறுத்தவா மிஷின் வைத்தார்கள்? பயமில்லாமல் கொடுக்கத்தான் வைத்தார்கள்.

54 பற்றி: விரல் கருவி, விரல்நுனி வரை வந்து சேருகிற துடிப்பை மட்டும்தான் எண்ணும். முந்திக்கொண்டு அடிக்கிற துடிப்புகள் வலுவில்லாமல் பாதியில் தேய்ந்துவிடும். மணிக்கட்டில் கைவைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இந்த நோயில் உதவாது. சில மிஷின்களில் தூங்கும் நேரத்துக்கு 50 என்று தனியாக வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கிடுங்க. கையால் எண்ணியும் 60க்குக் கீழேயே நின்று, கூடவே கிறுகிறுப்பு இருந்தாலோ, விக்கல் நிற்காமல் வந்தாலோ, நெஞ்சுச் சதை தாளம் போட்டாற்போல் வெட்டி வெட்டி இழுத்தாலோ, வயர் நகர்ந்திருக்கலாம். அன்றைக்கே போய் இ.சி.ஜி. எடுத்து மிஷினையும் சோதிக்கணும். முதல் ஆறு வாரம்தான் இதற்கு ஆபத்தான காலம்.

அதுவரை இடது முழங்கை தோளுக்கு மேலே போகக் கூடாது. பெருசுகள் தவறுவது ஒரே இடத்தில்: துண்டை உதறித் தலைப்பாக் கட்டுவது. அதற்காகக் கையை மடக்கிக் கட்டியே வைத்தால் தோள் இறுகிவிடும். தோளுக்குக் கீழே தாராளமாக அசைக்கட்டும். தையல் இடத்தில் மஞ்சள் பத்து போடாதீங்க. வீங்கினால் ஊசி விட்டுச் சீழ் எடுக்க யாரையும் விடாதீங்க, கிருமி வயர் வழியே இதயத்துக்குள் இறங்கும்.

மூன்று மாதத்துக்குள் முதல் சோதனை, பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. தோலுக்கு மேலே ஒரு கருவியை வைத்து பேட்டரி, வயரின் நிலை, எத்தனை மணி நேரம் துடிப்பு தறிகெட்டு ஓடியது எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அந்தத் தாளை வாங்கி மாத்திரை எழுதுகிற டாக்டரிடம் காட்டுங்க. மருந்து கேட்கிறதா இல்லையா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மருந்துப்பெட்டி_பாளை:
எல்லாரும் செல்போனுக்கும் அடுப்புக்கும் பயப்படுதாங்க. எனக்குப் பயம் மெடிக்கல் கடை கவுண்டர்தான்.

அமியோடரோன் உடம்பை விட்டுப் போக வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ரெண்டாகப் போட வேண்டாம். 200 மி.கி. மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கு. அதனால் தைராய்டு குறையலாம், கூடவும் செய்யலாம். குறைந்தால் அசதி, மலச்சிக்கல். கூடினால் மெலிவதோடு பழைய ஓட்டமும் திரும்பி வரும். தொடங்கும்போது தைராய்டு, ஈரல், நெஞ்சு எக்ஸ்ரே. பிறகு தைராய்டும் ஈரலும் 6 மாதத்துக்கு ஒருமுறை. வறட்டு இருமலும் ஏறி இறங்கினால் இளைப்பும் வந்தால் சளி என்று மருந்து குடித்துக்கொண்டு இருக்காதீங்க. நுரையீரலை இந்த மருந்து கெடுக்கும், சீக்கிரம் கண்டால்தான் நல்லது. வெயிலில் தோல் கருகும். வயலுக்குப் போனால் முழுக்கைச் சட்டை.

அசிட்ரோம் விஷயம் இதைவிட முக்கியம். அமியோடரோன் சேர்ந்தால் அதன் வேகம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். முதல் ஆறேழு வாரம் வாராவாரம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சோதனை) பார்க்கணும், இலக்கு பொதுவாக 2 முதல் 3. முருங்கைக் கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும், ஒரு வாரம் இல்லவே இல்லை என்று இருந்தால்தான் அளவு தடுமாறும். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையும் கூடாது, ஊசியும் கூடாது; உள்ளுக்குள் ரத்தம் கட்டும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் காத்திருக்க வேண்டாம்.

மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். காய்ச்சலுக்கு அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் எழுதினால் "அமியோடரோன் சாப்பிடுதாக" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. சேர்ந்தால் வேறு வகைத் தாளக்கேடு வரும்.

கம்பியும் மின்சாரமும்:
மோட்டார் கேள்விக்கு மட்டும் பதில். ஸ்டார்ட்டரில் பட்டனை அமுக்கலாம். ஓடுகிற மோட்டார் மேலே குனிந்து நெஞ்சை வைக்கக் கூடாது, ஓரடி தள்ளி நின்றால் போதும். மோட்டாரைவிடப் பெரிய ஆபத்து கசிவு மின்சாரம்: ஈரக்கையோடு ஷாக் வாங்கினால் மிஷினும் குழம்பும், ஆளும் விழுவார். எர்த் சரியாக இருக்கா என்று பாருங்க, மின்சாரம் கசிந்தால் தானே அணைக்கிற இ.எல்.சி.பி. போடுங்க. உங்க ஊரில் பன்றிக்குப் போடுகிற சோலார் வேலியைத் தொடவே கூடாது, அது துடிப்புத் துடிப்பாக அடிக்கும். வெல்டிங் பட்டறைக்குள் நிற்காமல் வெளியே நிற்கட்டும். இண்டக்ஷன் அடுப்பை இறக்குங்க, பாத்திரத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி நின்றால் போதும். மிக்சி, கிரைண்டர், டி.வி. ஒன்றும் செய்யாது. செல்போன் 15 செ.மீ. தள்ளி, வலது காதில். இடது சட்டைப்பையில் வேண்டாம். கோயில் கொடையில் அடுக்குகிற ஸ்பீக்கர் பெட்டியில் பெரிய காந்தம் இருக்கும், அதில் சாய்ந்து உட்கார விடாதீங்க. காந்தம் பட்டால் மிஷின் நிற்காது, உடம்பின் துடிப்பைக் கவனிக்காமல் தன்பாட்டுக்கு ஒரே வேகத்தில் அடிக்கும். விலகினால் சரியாகிவிடும்.

களக்காட்டான்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. வாய்வுக்குன்னு தினமும் காலையில ஒரு கேப்ஸ்யூல் போடுதாக, பாண்டப்ரசோல்-டாம்பெரிடோன். இருமலுக்கு அதிமதுரக் கஷாயமும் உண்டு. குத்தாலம் சீசனுக்கும் போகணுங்காக.

மருந்துப்பெட்டி_பாளை:
நான் கவுண்டர் என்று சொன்னது இதைத்தான். டாம்பெரிடோன் அமியோடரோனோடு சேரவே கூடாது, முன்னே சொன்ன அந்த வேறு வகைத் தாளக்கேடு வரும். வெறும் பாண்டப்ரசோலாக மாற்றித் தரச் சொல்லி இன்றைக்கே டாக்டரைக் கேளுங்க. அதிமதுரம் தினமும் போனால் பொட்டாசியம் குறையும், அதுவும் இதே தாளக்கேட்டைத்தான் கூட்டும், நிறுத்துங்க. அந்த இருமல் எத்தனை நாளாக இருக்கு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்க.

தார்க்குச்சி:
குற்றாலம் இந்த சீசன் வேண்டாம். தையல் ஆறி, முதல் சோதனையும் முடிந்த பிறகு போகலாம், ஆனால் மெயினருவியில் இடது தோளைக் கொடுத்து நிற்க வேண்டாம். ஓரமாகத் தலையில் தண்ணீர் பட்டால் போதும். மிஷின் அட்டையும் மாத்திரைச் சீட்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில் அவர் மடியிலேயே இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், மிஷின் மட்டுமில்லை வயரும் அதற்கு ஏற்றதுதானா என்று அந்த அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.