விசிறியில்லாச் சிறு கணினிக்கு எந்த அடாப்டர்?

நண்பர்களே, இரவு பகலாக ஓடப்போகும் ஒரு சிறு கணினியை உருவாக்குகிறேன். மினி ஐடிஎக்ஸ் என்னும் சிறிய அளவுத் தாய்ப்பலகை, அதிலேயே பதித்த இன்டெல் என்100 செயலி, ஓர் எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க். விசிறி மட்டும் எங்கும் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

குழப்பமெல்லாம் மின்சாரத்தில்தான். சும்மா இருக்கையில் இருபது வாட்டைக்கூடத் தொடாத கணினிக்கு 450 வாட் பவர் சப்ளை வீண். அவ்வளவு குறைந்த சுமையில் அதன் மின்மாற்றத் திறன் சரிந்து, மின்சாரம் வீணாகும். எனவே வெளி அடாப்டரும், தாய்ப்பலகையின் 24 முனை மின்செருகியில் பொருந்தி, அடாப்டரின் மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய வோல்ட்டுகளாக மாற்றித் தரும் சின்ன டிசி பலகையும் போதும் என்று தீர்மானித்திருக்கிறேன்.

எதை வாங்குவது? எளிய டிசி பலகைகள் அடாப்டரின் 12 வோல்ட்டை அப்படியே டிஸ்க்குக்குக் கடத்துகின்றன. டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகள் அது மட்டுமே 2 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் தள்ளாடாமல் நிற்குமா? அல்லது பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரை, அதை ஏற்கும் பலகையோடு சேர்ப்பது நல்லதா? அதில் 12 வோல்ட் சீராகக் கிடைக்கும், ஆனால் மாற்றத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு. மின்சாரத்தை மாற்றும்போது பலகையின் கம்பிச் சுருள்கள் கீச்சிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

இரண்டில் எதையாவது பயன்படுத்துபவர்கள், சுவர்ச் செருகியில் பொருத்தும் மின் மீட்டரில் அளந்த வாட் கணக்கோடு சொன்னால் பேருதவி. டிஸ்க்கையே தூக்கி எறியச் சொல்பவர்களும் வரலாம், கேட்டுக்கொள்கிறேன்.