திருக்கடையூருக்கு விடியற்கால டோஸ்ட்

மீனா: அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ரயிலில் வரும் 40 பேரும் மயிலாடுதுறையில் இறங்கி, காலை 5.30 மணிக்குள் திருக்கடையூர் வந்துவிடுவார்கள். 8 மணிக்கு முன் இலை போட இயலாது என்று சமையல்காரர் சொல்லிவிட்டார். மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் குழந்தைகளும் அதுவரை எப்படித் தாங்குவார்கள்?

சாந்தி அத்தை: பச்சைக் காய்கறிக் கலவை தடவிய டோஸ்ட் கொடுத்துவிடலாம், மீனா.

பெரியப்பா: சுபகாரியத்தன்று ரொட்டியா? லதா கல்யாணத்தில் சித்ரா கொடுத்த சாண்ட்விச் நைந்து போனதை நான் மறக்கவில்லை.

சித்ரா சித்தி: முதல் நாள் இரவே தடவி அடுக்கச் சொன்னவர் யார் என்பதை நானும் மறக்கவில்லை, அத்தான்.

சாந்தி அத்தை: நைந்ததற்குக் காரணம் காய்கறியின் நீர்தான், அண்ணா. வெள்ளரிக்காயில் ஏறக்குறைய 95 சதவீதம் நீர். உப்புப் பட்டதும் அது வெளியே வந்துவிடும். ஆகவே வெள்ளரிக்காயை விதை நீக்கித் துருவி, உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்து, துணியில் இட்டு இறுகப் பிழிந்துவிட வேண்டும். கேரட்டைத் துருவி, குடைமிளகாயைப் பொடியாக நறுக்கி, இரண்டையும் உப்பில்லாமல் தனியே வைத்துக்கொள்ளலாம். 3 லிட்டர் புளிக்காத தயிரை முதல் நாள் மாலையே பழைய வேட்டித் துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் வடிதட்டில் வைத்தால் காலையில் கெட்டியாகிவிடும். பரிமாறும் நேரத்தில் எல்லாவற்றையும் மிளகுத்தூளோடு கலந்தால் போதும்.

குமார்: கடை மயோனைஸ் வாங்கினால் வேலை மிச்சமாகுமே, அத்தை.

மீனா: பாட்டி முட்டை தொடமாட்டார். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு அரசே 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததை மறந்துவிட்டாயா, குமார்?

பெரியப்பா: வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது.

சாந்தி அத்தை: இரண்டும் இல்லை, அண்ணா. இஞ்சித் துருவலும் கொத்தமல்லியும் சேர்த்தாலே மணம் வந்துவிடும். ரொட்டியைத் தோசைக்கல்லில் மிதமான தீயில், ஈரம் வற்றிப் பொன்னிறமாகும்வரை இருபுறமும் வாட்ட வேண்டும். சுட்டதைச் சுடச்சுட அடுக்கினால் ஆவி உள்ளேயே தங்கி மெத்தென்று ஆகிவிடும். கம்பித் தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். பிறகு வெண்ணெயை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் கலவையைத் தடவினால் ரொட்டி எளிதில் ஊறாது.

சித்ரா சித்தி: கம்பித் தட்டு என்னிடம் இரண்டு இருக்கின்றன. தடவும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். இம்முறை யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

குமார்: ஆளுக்கு இரண்டு என்றால் 80 துண்டுகள் வேண்டும். ரொட்டியைச் சென்னையிலிருந்தே கொண்டு வரவா, மயிலாடுதுறையில் வாங்கலாமா?

பெரியப்பா: மயிலாடுதுறையில் அந்நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? எனக்குக் காபி மட்டும் போதும்.

சாந்தி அத்தை: வெறும் வயிற்றில் காபி குடிக்காதீர்கள், அண்ணா, உங்களுக்கு மிளகு குறைத்துத் தனியாக எடுத்து வைக்கிறேன். மீனா, நாம் தங்கும் விடுதியில் குளிர்பெட்டி உண்டா? தயிர்க் கலவையை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

மீனா: விடுதி மேலாளர் இன்னும் தொலைபேசியை எடுக்கவில்லை. கேட்டதும் சொல்கிறேன், அத்தை.