வெயிலூரிலிருந்து குல்மார்க்: எடை குறைந்த பவுடர் ஸ்கீ எதை எடுக்கலாம்?

காட்பாடி_மேம்பாலம்:

வணக்கம். பிப்ரவரியில் பத்து நாள் காஷ்மீரின் குல்மார்க். கோண்டோலாவில் (ரோப் கார்) ஏறி இறங்குவதோடு நிற்காமல், உள்ளூர் கைடு துணையோடு ஸ்கின் (பின்னுக்கு வழுக்காமல் ஏற ஸ்கீக்கு அடியில் ஒட்டும் பட்டை) ஒட்டி நடந்தே ஏறி, ஆள் மிதிக்காத சரிவுகளில் இறங்கத் திட்டம். ஒரு நாளைக்கு 800 முதல் 1000 மீட்டர் ஏற்றம் இருக்கும்.

உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ, முதுகுப்பை 9 கிலோ. சீர் செய்த சரிவில் பேரலல் திருப்பம் நன்றாக வரும், ஆழப் பனியில் சுமார்தான். மூன்று ஸ்கீ பார்த்து வைத்திருக்கிறேன் (எடை ஒரு காலுக்கு):

அ) நடு அகலம் 112 மி.மீ., நீளம் 184 செ.மீ., 1750 கிராம்
ஆ) 105 மி.மீ., 180 செ.மீ., 1500 கிராம்
இ) 95 மி.மீ., 177 செ.மீ., 1250 கிராம்

எதை எடுக்கலாம்? பைண்டிங் (பூட்டை ஸ்கீயோடு பிடிக்கும் கருவி), பூட்ஸ் இரண்டும் இனிமேல்தான் வாங்க வேண்டும். திரும்பி வந்ததும் எல்லாம் வேலூர் வெயிலில்தான் கிடக்கும், அதற்கும் வழி சொல்லுங்கள்.

பாலமதி_ஏற்றம்:

ஆ. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பவுடரில் (இறுகாத ஆழப் புதுப்பனியில்) மிதப்பது ஸ்கீயின் பரப்பையும் அதன் மேல் நிற்கும் எடையையும் பொறுத்தது. நீங்கள், பை, உடுப்பு, பூட்ஸ் எல்லாம் சேர்த்து 84 கிலோ என்று வையுங்கள். முனை, வால், நடு மூன்றின் சராசரி அகலம் எடுத்தால் ஆ-வின் இரண்டு ஸ்கீக்கும் சேர்த்துப் பரப்பு ஏறத்தாழ 4250 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 20 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இ-யில் 22 கிராம், அ-வில் 18. அதாவது உங்களைவிட 8 கிலோ கூடுதலாக இருப்பவர் அ-வில் நின்றால் எவ்வளவு அமிழ்வாரோ, நீங்கள் ஆ-வில் அவ்வளவுதான் அமிழ்வீர்கள். 112 வேண்டும் என்று எழுதுகிறவர்கள் பலரும் 85, 90 கிலோ ஆட்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி.

அடுத்தது ஏற்றம். 1000 மீட்டர் ஏற 13 டிகிரி தடம் என்றால் தூரம் 4.4 கி.மீ. ஒரு எட்டு 65 செ.மீ. என்றால் ஒவ்வொரு காலும் 3400 தடவை முன்னே போகும். அ-வுக்கும் ஆ-வுக்கும் வித்தியாசம் 250 கிராம். 250 × 3400 = 850 கிலோ, ஒரு காலுக்கு மட்டும். ஸ்கீயைத் தூக்குவதில்லை, பனி மேல் இழுத்துத்தான் போகிறோம், ஆகவே அவ்வளவும் தொடையில் ஏறாது. கிக் டர்ன் (சரிவில் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காலாகத் தூக்கித் திரும்புவது) போடும்போது மட்டும் முழு எடையும் தூக்கியாக வேண்டும். அங்கே 184 செ.மீ. நீளமும் சேர்ந்து படுத்தும்.

அப்படியானால் 1250 கிராம் இன்னும் நல்லதுதானே என்றால், இல்லை. ஆழப் பனியில் 1250 கிராம் சுகமாகத்தான் போகும். குல்மார்க்குக்கு மேலே உள்ள அஃபர்வட் முகட்டில் காற்று அடித்து இறுகிய பனியிலும், பின்மதியம் உருகி மறுநாள் காலை உறைந்த ஓட்டிலும் முனை வேறு பக்கம் எகிறும். கார்பன் அதிகமாகவும் மரம் குறைவாகவும் இருந்தால் அதிர்வை உள்வாங்க ஆள் இல்லை. ஆழப் பனி "சுமார்" என்கிறவருக்கு அது வேண்டாம். 105 அகலத்தில் 1450 முதல் 1600 கிராம் வரை பாருங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள். பிளிஸார்ட் ஜீரோ ஜி 105, அட்டாமிக் பேக்லேண்ட் 107 எல்லாம் இந்த வகையறாதான்.

முனையில் ராக்கர் (மேல்நோக்கிய வளைவு) இருக்கட்டும், காலுக்கடியில் கேம்பர் (நடுப்பகுதி வில் போல எழும்பிய வளைவு) இருந்தே ஆக வேண்டும். முழுக்க ராக்கர் என்றால் ஏறும்போது ஸ்கின் பனியில் பதியும் நீளம் குறைந்து, செங்குத்தான தடத்தில் பின்னுக்கு வழுக்கும்.

அகழி_முதலை:

பாலமதி அண்ணா கணக்கு சரி, ஆனால் எடையைக் குறைக்க வேண்டிய இடம் ஸ்கீ இல்லை என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஒரு காலின் மொத்த எடையைப் பாருங்கள்.

கனமான செட்: ஸ்கீ 1900, ஷிஃப்ட் மாதிரி, இறக்கத்தில் சாதாரண ஸ்கீ பைண்டிங் போலவே முழுதாகப் பிடிக்கும் பைண்டிங் 900, பூட் 1800, ஸ்கின் 300. கூட்டினால் 4.9 கிலோ.
நடுத்தர செட்: ஸ்கீ 1500, பின் பைண்டிங் (பூட்டின் துளைகளில் ஊசி போன்ற பின்கள் நுழைந்து பிடிக்கும் வகை) 400, பூட் 1300, ஸ்கின் 250. கூட்டினால் 3.45 கிலோ.

வித்தியாசம் 1450 கிராம். அதில் ஸ்கீ கொடுத்தது 400 மட்டுமே, பைண்டிங்கும் பூட்டும் சேர்ந்து 1000. ஸ்கீயில் இன்னும் 250 கிராம் குறைக்க இறக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட பைண்டிங்கில் கை வைப்பது புத்திசாலித்தனம். அதற்காக 150 கிராம் ரேஸ் பைண்டிங் பக்கம் போய்விடாதீர்கள். பலவற்றில் பிரேக்கும் இல்லை, விழும்போது எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்ற அளவைத் திருகி மாற்றவும் வழியில்லை. பிரேக் உள்ள 350 முதல் 450 கிராம் போதும். பிரேக்கின் அகலம் ஸ்கீ நடுவைவிட 0 முதல் 15 மி.மீ. கூட இருக்க வேண்டும். ஒடுக்கமாக இருந்தால் ஸ்கீ விளிம்பில் சிக்கி விரியாது, ரொம்ப அகலமானால் திருப்பத்தில் பனியில் இழுபடும்.

பின் பைண்டிங்கில் புதியவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில். பின்களைத் தாங்கும் முன்பக்க இறக்கைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும் குழியில் பனி அடைந்து இறுகியிருக்கும். பூட்டை வைத்து மிதித்தால் "டக்" என்று சத்தம் வரும், மாட்டிக்கொண்டது போலவே தெரியும். ஆனால் இறக்கை முழுதாக மூடியிருக்காது, நாலாவது எட்டில் கழன்றுவிடும். கம்பின் நுனியால் குழியைச் சுரண்டுங்கள். மாட்டியதும் முன்பக்க லிவரைத் தூக்காமலேயே காலைப் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பூட் துளையில் ஒட்டிய ஐஸ் உதிரும். அப்புறம் லிவரை ஏற்றத்துக்குப் பூட்டுங்கள். இறங்குமுன் லிவரை நடுநிலைக்குக் கொண்டுவர மறந்தால், விழும்போது முன்பக்கம் கழலாது, கால்தான் முறுகும்.

ஆம்பூர்_லாஸ்ட்:

தம்பி, எல்லோரும் ஸ்கீயைப் பேசுகிறார்கள். முதலில் பூட்ஸ் வாங்கு. மீதி எல்லாம் அதற்கு அப்புறம்.

ஸ்கீ பூட் அளவு மோண்டோ. பாதத்தின் நீளம் செ.மீ.யில், அவ்வளவுதான். சுவரில் குதிகாலை ஒட்டி, முழு எடையும் போட்டு நின்று அள. நம்ம ஊர் வெயிலில் சாயங்காலம் கால் வீங்கியிருக்கும், அதை வைத்து வாங்கினால் மைனஸ் பத்தில் உள்ளே கால் ஆடும். காலையில் எழுந்ததும் அள. 26-ம் 26.5-ம் பெரும்பாலும் ஒரே ஷெல்தான் (வெளிக்கூடு), உள்ளே வைக்கும் அட்டைதான் வேறு. அதனால் அரை சைஸுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

லைனரை (உள் மெத்தை) உருவிவிட்டு வெறும் ஷெல்லில் காலை விடு. விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடட்டும். குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்று பார். 15 மி.மீ. நல்லது, 20 வரை பொறுக்கலாம். 25 என்றால் கீழே வை, எத்தனை சாக்ஸ் போட்டாலும் சரிவராது. சாக்ஸ் ஒன்றுதான், மெல்லியது. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும்.

நம்மவர்களுக்கு முன்பாதம் அகலம். 26.5 அளவில் 98 மி.மீ. லாஸ்ட் (பூட்டின் முன்பாத அகலம்) என்றால் சுண்டுவிரல் பக்கம் கடிக்கும், 100 முதல் 102 பார். கடிக்கிறது என்று நம்ம பட்டறை ஹாட் கன்னை எடுத்துவிடாதே. டூரிங் பூட் ஷெல் பெரும்பாலும் கிரிலாமிட், பேபாக்ஸ் என்கிற பிளாஸ்டிக். தோல் மாதிரி இழுத்த இடத்தில் நிற்காது, ஆறியதும் திரும்பி வரும். சூடு கூடினால் பொசுங்கும். முதலில் லைனரைச் சூடாக்கிக் காலுக்கு வார்த்துக்கொள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

பழைய பூட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் பாலியூரிதேன் பாகங்களை நகத்தால் கீறிப் பார். ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் கிடந்த பி.யூ. உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கும், வெளியே பளபளப்பாகவே தெரியும், நாலு எட்டு வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். ஷூ கம்பெனி குடோனில் தேங்கிப்போன சோல் எப்படி உதிர்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். முன்பக்கம் பின் நுழையும் இரண்டு இரும்புத் துளைகளையும் பார், வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் விட்டுவிடு.

பூட் குதிகால் பக்கத்தில் சோல் நீளம் மி.மீ.யில் அச்சடித்திருக்கும். அந்த எண் இல்லாமல் பைண்டிங் துளை போட முடியாது.

காட்பாடி_மேம்பாலம்:

நன்றி அண்ணா, நன்றி நண்பர்களே. 105-தான், முடிவாகிவிட்டது. பைண்டிங்கை இங்கேயே மாட்டிக்கொள்ளலாமா? வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல ஆசாரி இருக்கிறார், டிரில் ஸ்டாண்டும் வைத்திருக்கிறார்.

பாலமதி_ஏற்றம்:

வாங்கும் கடையிலேயே மாட்டி வாங்குவதுதான் உத்தமம். முடியவே முடியாது என்றால் ஆசாரியிடம் ஸ்கீயைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகாமல் கூடவே நில்லுங்கள். கதவுக்குக் கீல் அடிக்கிற ஆழத்தில் இறக்கினால் துளை அடித்தளத்தையே கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

பிட் அளவு ஸ்கீயின் மேல்தாளிலேயே நடுவில் அச்சிட்டிருக்கும். மெட்டல் இல்லாததற்கு 3.5 × 9, மெட்டல் தகடு உள்ளதற்கு 4.1 × 9. அந்த 9 மி.மீ.தான் ஆழம். பிட்டில் 9-ல் நிறுத்தும் வளையம் கட்டாயம், சும்மா இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்தால் டேப் நழுவும். நடுக்கோட்டைக் கண்ணால் பிடிக்காமல் நாலைந்து இடத்தில் அகலத்தை அளந்து பாதியில் புள்ளி வையுங்கள். முன்பக்கம் 1 மி.மீ. சாய்ந்தாலும் குதிகால் பின்கள் துளைக்கு நேராக வராது. காகித டெம்ப்ளேட்டை ஒட்டி, பூட்டை வைத்து மறுபடி சரிபார்த்து, சென்டர் பஞ்ச் அடித்த பிறகே டிரில்.

துளையில் தண்ணீர் தாங்கும் மரப்பசை அல்லது மெதுவாக இறுகும் எபாக்சி. எடை குறைந்த ஸ்கீயில் உள்ளே பவுலோனியா போன்ற மென்மரம், திருகு பிடிப்பது கம்மி, பசை இல்லாமல் விட்டால் தண்ணீர் இறங்கி மரம் ஊறும். எபாக்சி டப்பாவில் "30 நிமிடம்" என்று போட்டிருந்தால் அது 20, 25 டிகிரிக் கணக்கு. 10 டிகிரி ஏறினால் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். நம்ம ஊர் மதியத்தில் கலக்கினால் மூன்றாவது திருகிலேயே கட்டியாகிவிடும். விடியற்காலையில் செய்யுங்கள்.

திருகாணி போஸிடிரைவ் 3. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை வழுக்கிப் போகும். எல்லாத் திருகையும் லேசாகப் பிடிக்கவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிக் கையாலேயே இறுக்குங்கள், பவர் டிரில் வேண்டாம். குதிகால் இடைவெளி பைண்டிங்குக்குப் பைண்டிங் மாறும், பெட்டியில் வரும் அளவுத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அகழி_முதலை:

வெயில் விஷயம் என் பங்கு.

முதல் எதிரி ஸ்கின் பசை. மே மாதத்தில் பூட்டிய காரிலோ, மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவிலோ வைத்தால் இளகி, அடுத்த முறை ஒட்டி எடுக்கும்போது பாதிப் பசை ஸ்கீ அடித்தளத்திலேயே தங்கிவிடும். அதன் மேல் பனி ஒட்டி, இறக்கத்தில் பிரேக் போட்டது போல இழுக்கும். ஸ்கீயில் ஒட்டியபடி ஊருக்குக் கொண்டுவராதீர்கள். நிழலில் நன்றாகக் காயவைத்து, கூடவே வரும் வலைத்துணியை இடையில் வைத்து மடித்து, காற்றுப் புகாத பையில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் பசை மேலேயே ஈரம் படியும்.

ஸ்கின் வெட்டும்போது இரண்டு பக்கமும் 2 மி.மீ. விட்டு இரும்பு விளிம்பு முழுதாகத் தெரிய வேண்டும். விளிம்பை மூடினால் இறுகிய குறுக்குச் சரிவில் பிடிக்க ஒன்றும் இருக்காது. ரகம் மொகேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) 70, நைலான் 30 கலந்தது போதும்.

ஸ்கீக்கு: வாக்ஸ் தடிமனாக உருக்கி விளிம்பையும் மூடுகிற மாதிரி ஊற்றி, சுரண்டாமல் அப்படியே விடுங்கள். ஐப்பசி மழையில் விளிம்பு துருப்பிடிக்காமல் இருக்க இதுவே போதும். மொட்டை மாடி ஷீட் அறையில் வைக்காதீர்கள். பைண்டிங்கின் கழலும் அளவை எத்தனையில் வைத்திருந்தீர்கள் என்று டேப்பில் எழுதி ஸ்கீ மேல் ஒட்டிவிடுங்கள், மறந்துபோகும்.

பாலமதி_ஏற்றம்:

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும். கோண்டோலா இரண்டாம் கட்டம் 3900 மீட்டர் தாண்டிக் கொண்டு விடும். அங்கே வேலிக்கு அப்பால் பனிச்சரிவைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. ஆள் ஒன்றுக்கு 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன் (பனியில் புதைந்தவரைத் தேடும் ரேடியோ கருவி), 240 செ.மீ.க்குக் குறையாத புரோப் (பனியில் குத்தித் தேடும் கம்பி), உலோக மண்வெட்டி. மூன்றும் இல்லாமல் மலைக்குப் போக வேண்டாம். பீக்கனில் அதன் கையேடு சொல்லும் பேட்டரி மட்டும், பெரும்பாலும் ஆல்கலைன். ஆல்கலைன் கேட்கும் பீக்கனில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீதி சதவீதம் தப்பாகக் காட்டும். போனை பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. காட்பாடி விளையாட்டு மைதானத்து மணலில் ஒருவர் புதைக்க இன்னொருவர் தேடி, நாலு நிமிடத்துக்குள் எடுக்கும்வரை பழகிவிட்டுப் போங்கள்.

காட்பாடி_மேம்பாலம்:

கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஸ்கின் வைக்க வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். பூட்ஸ் முதலில், அதன் பிறகு 105 மி.மீ., 180 செ.மீ. சோல் நீளம் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.