பரந்தனில் புது வீடு: கூரையில் சோலர் சரிவருமா?

குளத்தடியான்: சுவர் எழும்பிவிட்டது, கூரை மரம் இன்னும் ஏறவில்லை. ஓடுதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம். சோலர் போட்டால் மின்வெட்டிலும் ஃபேன், கிணற்று மோட்டர் எல்லாம் ஓடும் என்கிறார் மேசன். உண்மையா? தென்பக்கம் இரண்டு பனை நிற்கிறது. தறிக்கச் சொல்லாதீர்கள், அது நடக்காது.

வயர்க்காரன்: மேசன் சொன்னது பாதிதான் சரி. பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வேட்டர். வெளி மின்லைனோடு மட்டும் இணைத்த இன்வேட்டர், கரண்ட் போனவுடன் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதே. வெட்டிலும் வேண்டுமென்றால் லைனோடும் பற்றரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் தேவை. அதிலும் ஃபேன், லைற், ஃபோன் சார்ஜர் போதும். மோட்டர் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதைப் பற்றரியில் கட்டாமல், மத்தியானம் ஓடவிட்டுத் தொட்டியை நிரப்புங்கள்.

வேம்படி: பனையை விடுங்கள் தம்பி, சோலர் பனலைத் தள்ளி வையுங்கள். மார்கழியில் நடுப்பகல் சூரியனே நம் பக்கம் தெற்கே சரிந்துதான் நிற்கும். 50 அடிப் பனையின் நிழல் 32 அடி வரை வடக்கே விழும். ஒன்றோடொன்று ஒரே தொடராக வயரால் இணைத்த பனல்களில் ஒன்றில் நிழல் பட்டாலே மற்றவையும் இறங்கும். அடுப்படிக்கு மேல் சரிவு குறைந்த கூரைச் சீற் போட்டு, அதில் ஏற்றலாம். சீற்றோடு ஒட்டாமல் காற்றோட்டம் விடுங்கள். பனல் சூடேறினால் உற்பத்தி குறையும். சோளகக் காற்றில், அதுதான் தென்மேற்குக் காற்றில், புழுதி படியும், விடியற்காலையில் கழுவுங்கள். குரங்குத் தொல்லை இருந்தால் வயரைக் குழாய்க்குள் விடுங்கள்!

குளத்தடியான்: குரங்கு தாராளமாக உண்டு அண்ணை. அடுப்படி வடக்கு மூலையில்தான், நாளைக்கு அளந்து பார்க்கிறேன். பற்றரியை அடுப்படிக்குள் வைக்கலாமா?

வயர்க்காரன்: வேண்டாம், சூடு. நிழலான விறாந்தைச் சுவர் நல்லது.