யார் வீட்டு வழி?

கேள்வி (மதுரை):
என் மகனுக்கு நான்கு வயது. போன மாசியில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவு பார்த்து வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் வீடு இரண்டுபடும். மாமியாருக்குத் தினமும் ஒரே பாட்டு: "எங்கள் வம்சத்தில் இப்படி யாருமில்லை." என் சித்தப்பா ஆறு வயது வரை பேசவில்லை என்று எப்போதோ நானே உளறிவைத்தேன், இப்போது அதுதான் சாட்சி. உண்மையிலேயே என் பக்கத்திலிருந்து வந்ததா? இரண்டாவது குழந்தைக்கு ஆசை. அதற்கும் வருமா?

பதில் 1:
சகோதரி, 1977 இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இரு மனநல மருத்துவர்கள் இங்கிலாந்தில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். உருவம் ஒத்த, அதாவது ஒரே மரபணுக்கள் கொண்ட, 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். உருவம் ஒவ்வாத 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஆக, மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தது. அதற்கு முன், தாய்க்குப் பாசம் போதவில்லை என்று மருத்துவர்களே தாய்மாரை அழவைத்த காலம். அந்தக் கணக்கில் உங்கள் மாமியார் முன்னேறியவர்தான்!

ஆனால் இது ஒற்றை மரபணு சமாச்சாரமில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்குத் தொடர்பு உண்டு. இரு பக்கத்துச் சின்னச்சின்ன வேறுபாடுகளும் ஒரு பிள்ளையிடம் வந்து சேரலாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம் விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாகவும் தோன்றலாம்; தகப்பனின் வயது ஏற ஏற இது கூடும். சித்தப்பாவை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பதில் 2 (கோவை):
என் மகளுக்குக் குரோமோசோம் மைக்ரோஅரே (குரோமோசோம்களில் ஏதாவது துண்டு குறைந்தோ கூடியோ இருக்கிறதா என்று பார்ப்பது), ஃப்ராஜைல் எக்ஸ் (எக்ஸ் குரோமோசோமில் ஒரே மரபணு மாறுவதால் குடும்பத்தில் தொடரும் கோளாறு) இரண்டு பரிசோதனைகளும் செய்தோம். ஒன்றும் அகப்படவில்லை, பெரும்பாலானோருக்கு அப்படித்தான். இருந்தாலும் கருத்தரிப்பதற்கு முன்பே மகனுக்குச் செய்துவிடுங்கள். ஃப்ராஜைல் எக்ஸ் என்று வந்தால் அடுத்த பிள்ளைக்கான கணக்கே மாறிவிடும். காரணம் தெரியாத வீடுகளுக்குப் பொதுக்கணக்குதான்: மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் உள்ள வீடுகளில் தம்பி தங்கைகளைத் தொடர்ந்து கவனித்த 2011 ஆய்வில், 100 பேரில் ஏறக்குறைய 19 பேருக்கு இருந்தது. தங்கைகளைவிடத் தம்பிகளுக்கு அதிகம். நான் மீதி 81 ஐப் பார்த்துத் துணிந்தேன். நீங்கள் எதைப் பார்ப்பீர்களோ, அது உங்கள் முடிவு.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. மாமனாரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வைகை எக்ஸ்பிரஸ் நிற்கும் ஊர்களை நேரத்தோடு ஒப்பிப்பார். பொரியலில் குழம்பு பட்டால் எழுந்துவிடுவார். நேற்று செருப்பு வரிசையில் ஒன்று விலகியிருந்தது. அவர்தான் குனிந்து சரிசெய்தார். மாமியாரும் பார்த்தார். வெள்ளிக்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறோம், தாத்தாவும் கூட வருகிறாராம்.